ஐந்தாம் தளம், நான்காம் தீவு

விடுமுறை எப்போது தொடங்குகிறது என்பதில் எங்கள் வீட்டில் ஒத்த கருத்து கிடையாது. பள்ளிக்கூடம் மூடிய அன்றே தொடங்கிவிட்டது என்பது மகனின் கட்சி. விமானத்தில் பெல்ட்டைப் போட்டுச் சாய்ந்ததும் தொடங்கும் என்பது மனைவியின் கட்சி. என் கட்சிக்கு நான் ஒருவன்தான் உறுப்பினர்: வாடகைக் காரின் சாவி கைக்கு வந்து, கம்பெனியின் கடைசி கேட்டைத் தாண்டிய பிறகுதான் விடுமுறை. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் வேலை. அதுவும் சம்பளம் இல்லாமல், கைக்காசு போட்டுப் பார்க்கிற வேலை.

அமெரிக்காவில் வெளியூருக்கு விமானத்தில் போய் வாடகைக் கார் எடுத்தவர்கள் யோசிக்காமல் என் கட்சியில் சேர்வார்கள். விமானம் இறங்குகிற இடம் வேறு, கார் நிற்கிற இடம் வேறு. இரண்டுக்கும் நடுவே ஷட்டில் பஸ் என்று ஒன்று ஓடுகிறது. டிக்கெட் கிடையாது, கண்டக்டர் கிடையாது, இத்தனை மணிக்கு வரும் என்று எழுதி ஒட்டியிருக்கவும் மாட்டார்கள். அடிக்கடி வரும் என்று மட்டும் சொல்வார்கள். அது பொய்யில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு அடிக்கடி வரும்.

இந்தக் கோடையில் டென்வருக்குப் போனோம். ஊரிலிருந்து வந்திருந்த மாமாவும் அத்தையும் கூட வந்தார்கள். ராக்கி மலையைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. மாமாவுக்கு அப்படித் தனி ஆசை எதுவும் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, டைம் கீப்பராக ஓய்வு பெற்றவர் அவர். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் அவருடைய பென்சிலுக்குப் பயப்படாத டிரைவர் கிடையாது என்று அத்தை பெருமையாகச் சொல்வார். நயாகரா அருவிக்கு அழைத்துப் போனபோது, அருவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "படகு எத்தன நிமிஷத்துக்கு ஒண்ணு விடுறான், மாப்ளே?" என்றுதான் கேட்டார். நானும் அதைக் கவனித்திருக்கவில்லை. அன்றிலிருந்து என்மேல் அவருக்கு மதிப்புக் கொஞ்சம் கம்மி.

டென்வர் விமான நிலையம் 1995இல் திறக்கப்பட்டது. பரப்பளவு 53 சதுர மைல். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய விமான நிலையம் கிடையாது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, இன்னொரு மன்ஹாட்டனையும் பக்கத்தில் வைக்கலாம். அப்புறமும் கொஞ்சம் இடம் மிஞ்சும். இத்தனை நிலம் இருந்தும், வாடகைக் கார்களுக்குக் கட்டடத்தை ஒட்டி இடம் ஒதுக்க மனம் வரவில்லை. விமானத்திலிருந்து இறங்கி, தரைக்கடியில் ஓடும் ரயிலில் ஏறி, முதன்மைக் கட்டடத்துக்கு வந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், சாலைகளுக்கு நடுவே நீளநீளமாக நடைமேடைகள் தெரியும். அவற்றுக்குத் தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாடகைக் கார் பஸ்கள் வருவது ஐந்தாம் தளம், நான்காம் தீவு. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலெக்ட்ரிக் குக்கர் அடங்கிய பையை அத்தை மார்போடு அணைத்துக்கொள்ள, மற்ற பெட்டிகளை உருட்டிக்கொண்டு நாங்கள் அந்தத் தீவுக்குக் குடியேறினோம்.

அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி பஸ். மஞ்சள் பஸ் வந்தது. ஆளை ஏற்றிக்கொண்டு போனது. பச்சை பஸ் வந்தது, போனது. சிவப்பு வந்தது. மறுபடி பச்சை. மறுபடி மஞ்சள். எங்கள் பஸ் என்ன நிறம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கம்பெனி எது என்று தெரிந்துவிடும், அடுத்த வருடம் எனக்குத் தள்ளுபடிக் கூப்பன் வராது. எங்கள் பஸ் வரவில்லை என்பதை மட்டும் பதிவு செய்துவைக்கிறேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிறது; அந்தப் பென்சில் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது.

"மாப்ளே, அந்தப் பச்சை வண்டிக்காரன் எத்தனாவது சிங்கிள் அடிக்கிறான் பாத்தீங்களா?"

"பார்த்தேன் மாமா."

"நம்ம வண்டி?"

"வரும் மாமா."

"வரும்னு நான் சொன்னா ஜனங்க கல்ல எடுப்பாங்க. எத்தன மணிக்கு வரும்னு சொல்லணும். நம்மாளு டிரிப் கட் பண்ணிட்டான். எனக்கு நல்லாத் தெரியுது."

கடைசியில் வந்தபோது எங்கள் கம்பெனி பஸ்கள் இரண்டு ஒன்றன் வால் ஒன்று பிடித்த மாதிரி சேர்ந்து வந்தன. இத்தனை நேரம் ஒன்றுகூட இல்லாமல், இப்போது இரண்டா என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். மாமா மட்டும் ஆச்சரியப்படவில்லை. காரணத்தை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். முன்னால் போகிற பஸ் கொஞ்சம் தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரையும் பெட்டியோடு ஏற்ற இன்னும் நேரமாகும். பஸ் இன்னும் தாமதமாகும். பின்னால் வருகிறவனுக்கு ஏற்றுவதற்கு ஆளே இருக்காது. அவன் வேகமாக வந்து முன்னால் போகிறவனைப் பிடித்துவிடுவான். பிறகு இருவரும் சேர்ந்தே சுற்றுவார்கள். யாராவது நடுவில் நின்று ஒருவனைப் பிடித்துவைத்து, இடைவெளி விட்டு அனுப்பினால்தான் இது சரியாகும். "அதுக்குத்தான்யா டைம் கீப்பர்னு ஒருத்தன வச்சிருந்தாங்க" என்று முடித்தார். 53 சதுர மைலில் அப்படி ஒரு பதவி காலியாக இருப்பது அவருக்கு உறுத்தியது.

இந்த அவஸ்தைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1918இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் ஒரு டஜன் ஃபோர்டு மாடல்-டி கார்களை வைத்துக்கொண்டு வாடகைக் கடை போட்டார். அதுதான் கைமாறிப் பின்னாளில் ஹெர்ட்ஸ் ஆனது. அப்போதெல்லாம் கார் வேண்டுமென்றால் ஊருக்குள் இருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் இருந்த வாரன் ஏவிஸ் என்பவர், விமானத்திலிருந்து இறங்கியவன் அங்கிருந்து நகர வழியில்லாமல் நிற்பதைப் பார்த்தார். 1946இல் டெட்ராய்ட் பக்கத்திலுள்ள வில்லோ ரன் விமான நிலையத்திலேயே கடையைத் திறந்துவிட்டார். இறங்கினாயா, சாவியை வாங்கினாயா, போனாயா என்பதுதான் அவர் வியாபாரம். ஏவிஸ் பெரிய பணக்காரர் ஆனார்.

பிறகு விமான நிலையங்கள் வீங்கின. வாசலை ஒட்டிய இடம் தங்க விலை ஆனது. கார்களை ஊர்க்கோடிக்குத் தள்ளினார்கள். அவற்றிடம் ஆட்களைக் கொண்டுசேர்க்க ஒவ்வொரு கம்பெனியும் பஸ் விட்டது. பஸ்கள் சேர்ந்து வாசலை அடைத்தன. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: எல்லாக் கம்பெனிகளையும் ஒரே கட்டடத்தில் அடைத்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரே பஸ். லாஸ் வேகஸில் 2007இல் அப்படி ஒன்று திறந்தார்கள். அது விமான நிலையத்திலிருந்து சுமார் 3 மைல். ஃபீனிக்ஸில் பஸ்ஸே வேண்டாமென்று 2022இல் ஆளில்லா ரயிலை அந்தக் கட்டடம்வரை நீட்டிவிட்டார்கள். ஆக, விமான நிலையத்தில் கார் இல்லை என்ற குறையை 1946இல் தீர்த்துவைத்தார்கள். தீர்த்த குறையைத் திரும்பக் கொண்டுவந்து, அதற்கு ரயில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை, நான்காம் தீவில் நாம் பார்க்கிற இத்தனை பெயர்ப்பலகைகளில் பெரும்பாலானவை மூன்றே குடும்பங்கள். ஹெர்ட்ஸ், டாலர், திரிஃப்டி மூன்றுக்கும் முதலாளி ஒன்று. ஏவிஸும் பட்ஜெட்டும் ஒரு வீடு. என்டர்பிரைஸ், நேஷனல், அலமோ மூன்றும் ஒரு வீடு. எந்தக் கம்பெனியில் மலிவு என்று ராத்திரி கண்விழித்து ஒப்பிட்டுப் பார்க்கிறோமே, அது பல நேரங்களில் அண்ணனிடம் விலை கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு தம்பியிடம் போய் வாங்குவதுதான்.

பஸ் வந்து நின்றதும் டிரைவர் இறங்கினார். நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டிய அம்மாள். நானும் மகனும் சேர்ந்து தள்ளிய பெரிய பெட்டியை ஒரே கையால் பிடித்து, முழங்காலால் ஓர் எத்து எத்தி, நடுவிலிருக்கும் அலமாரித் தட்டில் ஏற்றிவிட்டார். டிரைவரும் அவரே, லோடுமேனும் அவரே, ஏறியதும் மைக்கில் வரவேற்று அறிவிப்புச் செய்பவரும் அவரே. மாமா அப்படியே நின்றுவிட்டார். "நம்ம ஊர்ல டிரைவர் எறங்கி மூட்டையத் தூக்கினா யூனியன்ல கூப்பிட்டுக் கேப்பாங்க" என்றார். பெட்டி தூக்குகிற டிரைவருக்கு ஒன்றிரண்டு டாலர் கொடுப்பது இங்கே வழக்கம் என்றேன். கண்டக்டராக இருந்தவர் அல்லவா, சில்லறை என்றதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

அந்த பஸ்ஸில் ஒரு விதி உண்டு, எங்கும் எழுதியிருக்காது. முதலில் ஏறுகிறவன் உள்ளே தள்ளிப் போவான். அவனுடைய பெட்டி தட்டின் அடியில் போகும். கடைசியில் ஏறுகிறவன் கதவோரம் நிற்பான். அவனுடைய பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். இறங்குமிடத்தில் கடைசிக்காரன் முதலில் குதித்து, கவுன்ட்டர் வரிசையில் முதல் ஆளாக நிற்பான். பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்களை முதலில் ஏறச் சொல்லி மரியாதையாக வழிவிடுகிறார்களே, அந்த மரியாதையில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று இறங்கும்போதுதான் தெரியும்.

மாமாவுக்கு இது ஒரு பார்வையில் பிடிபட்டுவிட்டது. பஸ் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பியதும் என் காதருகே குனிந்தார். "மாப்ளே, நீங்க லைசென்ஸக் கையில எடுத்துக்கிட்டு வாசப்படிகிட்டப் போய் நில்லுங்க. பெட்டிகள நாங்க பாத்துக்கறோம். கதவு தொறந்ததும் எறங்கிருங்க." நானும் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கதவருகே போனேன். அங்கே எனக்கு முன்பே ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஓர் ஆண்மகன் கையில் லைசென்ஸோடு நின்றுகொண்டிருந்தான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆளாளுக்கு ஜன்னலுக்கு வெளியே இருக்கும் புல்வெளியை ரசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே புல்லும் சரியாக இல்லை.

கதவு திறந்தது. ஓடினால் அநாகரிகம், நடந்தால் நஷ்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது. முட்டி மடங்காது, கை வீசாது, முகத்தில் எந்த அவசரமும் தெரியாது, ஆனால் வேகம் மட்டும் பயங்கரமாக இருக்கும். அந்த நடையில் நாங்கள் எல்லோரும் கண்ணாடிக் கதவை நோக்கிப் போனோம். கதவுக்கு முன்னால் ஒருவர் "நீங்கள் முதலில்" என்று எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார். நல்ல மனிதர்தான் என்று நினைத்து உள்ளே போனால், இரண்டாவது கதவு ஒன்று இருந்தது. அதை நான் திறந்து பிடிக்க வேண்டியதாயிற்று. அவர் நன்றி சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் போய் வரிசையில் நின்றார்.

இத்தனை பந்தயமும் நடந்துகொண்டிருக்கும்போது, காதில் பாட்டு மாட்டிய ஒரு பையன், தோளில் ஒற்றைப் பையோடு, பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கினான். வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கார்கள் நிற்கிற பக்கம் போய், ஏதோ ஒரு காரில் ஏறிப் போயே போய்விட்டான். கார் கம்பெனிகளின் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்தவர்கள் பல ஊர்களில் கவுன்ட்டருக்கு வரவே வேண்டாம். சேர்வதற்குப் பெரும்பாலும் காசும் கேட்பதில்லை. ஆனால் இடைத்தரகர் தளங்களில் கிடைக்கிற மலிவு விலைப் பதிவுகளுக்கு அந்தப் பாக்கியம் அநேகமாகக் கிடையாது. மலிவு என்பது எங்கேயோ ஓரிடத்தில் தன் பங்கை வாங்கிக்கொள்ளத்தான் செய்யும்.

கவுன்ட்டரில் இருந்த பெண் அவ்வளவு இனிமையாகப் பேசினார். பயணம் எப்படி இருந்தது, எந்த மலைக்குப் போகிறீர்கள், அம்மா அப்பாவா, எவ்வளவு அழகு! அவ்வளவும் முடிந்த பிறகு மென்மையாக ஆரம்பித்தார். காருக்குச் சேதப் பாதுகாப்பு வேண்டுமா? மலைப்பாதையில் கல் தெறிக்குமே. பல கிரெடிட் கார்டுகளே அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கின்றன என்பதால் வேண்டாம் என்றேன். கண்ணாடி, டயருக்கு மட்டுமாவது? வேண்டாம். பெட்ரோலுக்கு முன்பணம் கட்டிவிடுகிறீர்களா, காலி டேங்கோடு திருப்பித் தரலாமே? வேண்டாம். மகன் ஓட்டுவானா? 25 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டினால் தினப்படி தனிக் கட்டணம். மகன் ஆவலாக நிமிர்ந்தான். அவனுக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை. ஒவ்வொரு "வேண்டாம்" சொல்லும்போதும் அந்தப் பெண்ணின் முகத்தில் எங்கள் குடும்பத்தின் எதிர்காலம் குறித்த கவலை கூடிக்கொண்டே போனது.

கடைசி அஸ்திரம் சுங்கம். டென்வரைச் சுற்றி ஈ-470 என்று ஒரு சாலை. அதில் காசு வாங்க ஆளும் கிடையாது, சாவடியும் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும். பில் காரின் சொந்தக்காரருக்கு, அதாவது வாடகைக் கம்பெனிக்குப் போகும். அவர்கள் தங்கள் கூலியையும் மேலே வைத்து நமக்கு அனுப்புவார்கள். விமான நிலையத்திலிருந்து வெளியே வரும் சாலை இதைத்தான் கடக்கிறது. போனில் இருக்கும் வழிகாட்டியிடம் சுங்கச் சாலை வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவைக்காவிட்டால் அது நம்மை அன்போடு அங்கே ஏற்றிவிடும்.

பில்லை மாமா கேட்டு வாங்கினார். கலெக்‌ஷன் கணக்குப் பார்த்துப் பழகிய கண். ஒரு வரியில் பென்சிலை வைத்தார். "இதென்ன மாப்ளே, 11.11 சதவீதம்? பத்துன்னா பத்து, பதினொண்ணுன்னா பதினொண்ணு. இதென்ன புள்ளி?"

அமெரிக்க விமான நிலைய வாடகைக் கார் பில்களில் அடிக்கடி தட்டுப்படுகிற எண் அது. விமான நிலையம் கம்பெனியிடம் வசூலில் 10 சதவீதம் கேட்கும். கம்பெனி அதை நம் தலையில் கட்டும். நூறு டாலர் வாடகைக்குப் பத்து டாலர் வாங்கினால் வசூல் 110 ஆகிவிடுகிறது. அதில் 10 சதவீதம் 11 டாலர். சரி, 11 வாங்கினால் வசூல் 111. கட்ட வேண்டியது 11.10. இப்படியே துரத்திக்கொண்டு போனால் 11.11இல் போய் முட்டுகிறது. அதாவது விமான நிலையத்துக்குக் கட்டணம் கட்டுவதற்காக நாம் கொடுக்கிற கட்டணத்துக்கும் நாமே கட்டணம் கட்டுகிறோம். கேட்டுவிட்டு மாமா நோட்டில் அதைக் குறித்துக்கொண்டார். கழகத்துக்கு எழுதிப்போடப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பொதுக் கட்டடம் கட்டிய ஊர்களில் கட்டடச் செலவுக்கென்று தினப்படி இவ்வளவு என்று இன்னொரு வரியும் பில்லில் இருக்கும். இலவச ஷட்டில் என்று பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுகிற ஒவ்வொருவரும் டிக்கெட் வாங்கியவர்தான். டிக்கெட் கையில் தரப்படுவதில்லை, அவ்வளவே.

அடுத்து கார். வாடகைக் கார் உலகத்தில் நாம் எந்தக் காரையும் பதிவு செய்வதில்லை. நான்கு எழுத்துகளைத்தான் பதிவு செய்கிறோம். முதல் எழுத்து அளவு, இரண்டாவது வண்டியின் வகை, மூன்றாவது கியர், நான்காவது எரிபொருளும் ஏசியும். நாங்கள் பதிந்தது ஐ-எஃப்-ஏ-ஆர்: நடுத்தர அளவு எஸ்யூவி, ஆட்டோமேட்டிக், ஏசி உண்டு. படத்தில் ஒரு அழகான கார் போட்டு, பக்கத்தில் "அல்லது அதையொத்தது" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். படத்தில் இருந்த கார் இல்லை. அதையொத்ததும் இல்லை. "உங்களுக்காக இலவசமாக இதைவிட உயர்ந்த வண்டி தருகிறேன்" என்று அந்தப் பெண் கண் சிமிட்டினார்.

வெளியே போய்ப் பார்த்தால் பிக்கப் டிரக். ஏறுவதற்கே படி வைத்திருந்தது. பின்பக்கம் திறந்த தொட்டி. மகனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிட்டான். அத்தை வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"மாப்ளே, நாம மலை பாக்கப் போறமா, மணல் அடிக்கப் போறமா?"

"உள்ளே நல்லா வசதியா இருக்கும் அத்தை."

"நமக்கு வசதி சரி. மழை வந்தா புளிக்காய்ச்சலுக்கு யாரு குடை பிடிக்கிறது?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. திரும்பிப் போய், நாங்கள் ஐந்து பேர், பெட்டிகளுக்குக் கூரை வேண்டும் என்று சொல்லி, மினிவேன் வாங்கிக்கொண்டு வந்தோம். மகன் அன்று மாலைவரை யாரோடும் பேசவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மினிவேனில் போய் இறங்குவது கௌரவக் குறைச்சல். கதவு தானாக வழுக்கிக்கொண்டு திறந்ததைப் பார்த்து அத்தை மட்டும் குழந்தை மாதிரி சிரித்தார்.

புறப்படுவதற்கு முன்னால் காரைச் சுற்றி வந்து வீடியோ எடுத்தோம். ஏற்கெனவே இருக்கிற கீறலுக்கெல்லாம் சாட்சி வேண்டுமே. கேட்டில் காவலாளி சீட்டை வாங்கிச் சரிபார்த்தார். தரையில் வரிசையாக இரும்பு முள்கள். முன்னால் போனால் படுத்துக்கொள்ளும். பின்னால் வந்தால் டயரைக் கிழித்துவிடும் என்று பெரிய எச்சரிக்கைப் பலகை. மாமா தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன நேரம் உக்காரவச்சுட்டு, இப்பத் திரும்பி வந்தா டயரக் கிழிப்பானாம்" என்றார். முள்ளைத் தாண்டினோம். என் கட்சிக் கணக்குப்படி அந்த நொடியில் விடுமுறை தொடங்கியது.

மலைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பார்த்தோம். உயரமாக இருந்தன.

திருப்பிக் கொடுப்பது எடுப்பதைவிடச் சுலபம். எடுக்கும்போது நம்மிடம் அவசரம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். கொடுக்கும்போது நமக்கு விமானம் இருக்கிறது என்று தெரியும். முழு டேங்கோடு கொடுக்க வேண்டும். பழக்கமில்லாத காரில் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று பங்க் வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் குட்டியாக ஓர் அம்புக்குறி இருக்கும், அது காட்டுகிற பக்கம்தான் மூடி. கையடக்கக் கருவியோடு வந்த பையன் காரை ஒரு சுற்றுச் சுற்றி, "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டான். நாங்கள் எடுத்த வீடியோவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், மகன் பின்னணி இசையெல்லாம் சேர்த்து வைத்திருந்தான்.

திரும்பும் ஷட்டிலில் அதே நரைத்த கூந்தல் அம்மாள். மாமாவை அடையாளம் தெரிந்து சிரித்தார். மாமா விடவில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டி, "மேடம், கேப் டூ மச். டூ பஸ் கம்மிங் டுகெதர். நாட் குட்" என்றார். அந்த அம்மாள் நோட்டைக் கையில் வாங்கி மெதுவாகப் பார்த்தார். பிறகு மகனிடம் ஏதோ சொன்னார். இதைத்தான் நானும் மேலதிகாரியிடம் நாள்தோறும் சொல்கிறேன், உன் தாத்தாவை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறாயா என்று கேட்டாராம். அத்தை, தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

எல்லோரும் ஏறியாயிற்று. பெட்டிகள் ஏறிவிட்டன. எந்த விமானம், எந்தப் பக்க வாசல் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாயிற்று. அந்த அம்மாள் கண்ணாடியில் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்து, படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்து, கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "போலாம்... ரைட்!" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பஸ் அந்த நொடியே கிளம்பியது. கோட்டும் டையும் போட்ட ஒருவர் கைதட்டினார்.

விமான நிலையச் சாலையில் நீல நிறத்தில் 32 அடி உயரக் குதிரை ஒன்று, கண்ணில் சிவப்பு விளக்கெரிய, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. லூயிஸ் ஹிமெனெஸ் என்ற சிற்பி செய்தது. செய்து முடிப்பதற்குள் 2006இல் அதன் ஒரு பாகம் அவர்மேலேயே விழுந்து அவர் இறந்துபோனார். 2008இல் சிலையை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் பயம்தான். சாத்தானின் பெயரைச் சேர்த்து ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். அத்தை பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊர் எல்லையில், இத்தனை பெரிய குதிரை, உருட்டிய கண், காவு வேறு வாங்கியிருக்கிறது. அய்யனார் குதிரையில்லாமல் வேறென்ன என்பது அவர் கேள்வி. "நல்லபடியாக் கொண்டுபோய்ச் சேத்துரு சாமி" என்று வேண்டிக்கொண்டார். விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. எனக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இல்லை.

வாடகைக் கார் எடுக்கப் போகிற வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். கம்பெனியின் உறுப்பினர் திட்டத்தில் இன்றைக்கே சேருங்கள். ஷட்டிலில் கடைசியாக ஏறுங்கள், பெட்டியையும் கடைசியாகவே ஏற்றுங்கள். யாராவது முதலில் போகச் சொல்லி வழிவிட்டால் சந்தேகப்படுங்கள். லைசென்ஸ் இருப்பவர் கதவோரம் நிற்கட்டும், குடும்பம் பின்னால் வரட்டும். இரட்டைக் கதவு இருந்தால் முதல் கதவை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டி தூக்குகிற டிரைவருக்குச் சில்லறை வைத்திருங்கள். அந்த முழு ஏற்பாட்டிலும் வாங்கிய காசுக்கு மேல் உழைக்கிறவர் அவர் ஒருவர்தான். வீட்டில் ஓய்வு பெற்ற டைம் கீப்பர் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால், பெட்டி எடுத்த இடத்திலிருந்து நடந்தே போய்க் கார் எடுக்கிற மாதிரியான விமான நிலையமாகத் தேடிப் பாருங்கள். பல சின்ன ஊர்களில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. முதலில் அந்த ஊருக்கு டிக்கெட் போடுங்கள். பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.